பாறை அசையாமல் பேசுவது

வெளியூர்க்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊரான கரட்டடியில் அன்றைக்கு மைக் செட் போட்டவன் நான், கண்ணால் பார்த்தவன் நான், எனவே நானே சொல்லிவிடுகிறேன்: ஊர் உண்டான நாளிலிருந்து ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் உச்சியில் மழைக்கும் இடிக்கும் மசியாமல், ஆடு மேய்க்கிறவர்கள் முதுகு சாய்க்கவும் காதலிக்கிறவர்கள் பெயர் கிறுக்கவும் இடம் கொடுத்துக்கொண்டு சும்மா கிடந்த ஆனைப்பாறை, மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு நாங்கள் வைத்த பட்டிமன்றத்தில் செங்கோட்டுவேலன் பேசிய பேச்சைக் கேட்டுத்தான் முதன்முதலாக இடம்விட்டு இறங்கி வந்தது. கல்லும் கரையும்படி பேசுவார் என்று அவரைப் பற்றி நாங்களே ஊர் ஊராகச் சொல்லி வைத்திருந்தோம். கரையவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குப் பேச்சு என்றால் அப்படி ஒரு பைத்தியம். மற்ற ஊர்களில் காது குத்தினால் கறிச்சோறு போடுவார்கள், எங்கள் ஊரில் முதலில் மேடை போடுவார்கள். போர்வெல்லில் தண்ணீர் வந்தால்கூட, குடத்தை வைப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலேயே பெரிய பேச்சாளர் செங்கோட்டுவேலன்; நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலை, மேடையில் ராஜா. அவர் மனைவி வசுமதி டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. இவர் மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே எந்த வாக்கியம் எங்கே முறிந்தது என்று சொல்வார். இவர் கோபித்துக்கொண்டு பாதியில் கை கழுவுவார். ஊருக்கே தெரிந்த சண்டை இது, அதனால்தான் அந்த வருஷம் அதையே தலைப்பாக்கினோம்: மொழியைத் தாங்குவது இலக்கணமா, பேச்சுக்கலையா.

டீச்சர் முதலில் பேசினார். “ஒரு வாக்கியம் தானாக நிற்குமா என்று பார்ப்பது இலக்கணம். அது கேட்கிறவரிடம் போய்ச் சேருமா என்று பார்ப்பது பேச்சுக்கலை. நிற்காத ஒன்றை அனுப்பி வைத்தால், அது யார் தலையில் விழும் என்று அனுப்பியவருக்கும் தெரியாது” என்றார். முன்வரிசையில் ரெண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அப்புறம் செங்கோட்டுவேலன் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். “நிற்கிறது, நிற்கிறது என்கிறார்கள். அதோ, அந்தப் பாறையும்தான் ஆயிரம் வருஷமாக நிற்கிறது! எந்தத் தாயின் கண்ணீரைத் துடைத்தது? எந்தப் பிள்ளையின் பசியை ஆற்றியது?” என்று ஆரம்பித்து, குரலை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, பெற்றவளைப் பிரிந்த பிள்ளையைப் பற்றி ஒரு கதை சொல்லி, பெண்கள் மூக்கைச் சிந்த, ஆண்கள் தொண்டையைச் செரும, எனக்கே ஆம்ப்ளிஃபயரின் விளக்கு மங்கலாகத் தெரிந்த நேரத்தில், கரட்டின் மேலே புழுதி கிளம்பியது. பாறை இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், கூட்டத்தில் இடம் பார்த்து உட்கார வருகிறவரைப் போல வந்தது. அந்த நேரம் கரண்ட் போனது. பேச்சு நின்றது, பாறையும் பாதிச் சரிவில் நின்றது.

வேறு ஊராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஊரைக் காப்பாற்றி நடுவழியில் நின்ற பாறைக்கு நன்றி தெரிவித்துக் கூட்டம் போட்டோம். பொன்னாடை வாங்கினோம். கவுன்சிலர் பேசினார், ரைஸ்மில் முதலாளி பேசினார், கடைசியில் செங்கோட்டுவேலன், “எங்களை மன்னித்த மாமலையே!” என்று ஆரம்பித்தார், கூட்டம் முழுவதும் எழுந்து நின்று அழுதது. பாறை மிச்சச் சரிவையும் இறங்கி வந்து, அடிவாரத்தில் தனியாக வாழ்ந்த நெசவுக்காரி பாவாயியின் வீட்டுக்கு நேர்மேலே, ஒரு மண் மேட்டில் முட்டி, முன்பக்கம் சாய்ந்து நின்றது. மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் அவள் தறிக்கொட்டகையை முழுக்க மூடியது. பொன்னாடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தோம்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் டீச்சர்தான். தறி ஓடுகிற சத்தத்துக்குப் பாறை அசையவில்லை, பட்டாசுக்கு அசையவில்லை, லாரி ஹாரனுக்கு அசையவில்லை. எங்கேயாவது ஒருவர் பேசி இன்னொருவர் மனசு இளகினால் மட்டும், பாறையின் அடியிலிருந்து சரளைக்கல் பெயர்ந்து பாவாயி வீட்டுத் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், வெடி வைத்தால் பாதி ஊர் போய்விடும் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி, போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து கரட்டடியில் யாரும் யார் மனசையும் அசைக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது.

அப்படிப் பேசுவதற்கு ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. கல்யாண மண்டபத்தில் தினமும் சாயங்காலம் டீச்சர் வகுப்பு எடுத்தார், ஊரே போய்ப் பாயில் உட்கார்ந்தது. வாக்கியம் சரியாக இருக்க வேண்டும், முடிய வேண்டும், கேட்டவரிடம் எதையும் கேட்காமல் நின்றுவிட வேண்டும். தக்காளிக்காரர் கூவுவதை விட்டார், தெருமுனையில் வண்டியை நிறுத்தி, “தக்காளி இருக்கிறது. நேற்றையதும் கலந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு நின்றார். வாங்கினார்கள், ஆனால் யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை, “எனக்கு இருபத்தொன்பது வயது. என் அம்மா கோபக்காரி” என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேர்தலுக்கு வந்த வேட்பாளர்களை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, பெயரையும் சின்னத்தையும் மட்டும் சொல்லச் சொன்னோம். சொன்னதும் அவர்களுக்கே மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லாதது போல் ஆகிவிட்டது. சாவு வீட்டில்தான் ரொம்பக் கஷ்டம். பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, “இவர் இறந்துவிட்டார். இவர் போன வாரம் எங்களுக்கு முருங்கைக்காய் கொடுத்தார்” என்று முறைவைத்துச் சொன்னார்கள். முருங்கைக்காய் என்ற சொல்லுக்குச் சரளை விழுந்தது, அப்புறம் அதையும் நிறுத்தினோம்.

கைக்குழந்தைக்காரிகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். பசித்த குழந்தையின் அழுகையை இலக்கணத்துக்குள் கொண்டுவர டீச்சராலும் முடியவில்லை. என் பிழைப்பில் மண் விழுந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளில் கோழி அடைந்தது. செங்கோட்டுவேலன் வாயே திறப்பதில்லை. சங்கத்துக்குப் போவார், வருவார், யாராவது வணக்கம் சொன்னால் தலையாட்டுவார். அவர் தும்மினால்கூட ஊர் கரட்டைப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தாலும் ஒரு காதைத் தகரக் கூரையின் பக்கம் வைத்துக்கொண்டே வாழப் பழகிவிட்டோம், அப்படிப் பழகியதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் அந்தக் கூரையின் கீழே ஒரு ஆள் இருந்தாள். பாவாயி வீட்டைக் காலி செய்யவில்லை.

பாவாயி செங்கோட்டுவேலனின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட, ரெண்டு தறியை வைத்துக்கொண்டு மேகலா என்கிற ஒரே பெண்ணை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். கட்டிக் கொடுத்த இடம் சரியில்லை. பாறை இறங்குவதற்கு ரெண்டு வருஷம் முன்னால், முதுகில் தடிப்போடு மேகலா ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து, இனி போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் அதே வாசலில் கூடினார்கள். தாய்மாமன் பேசினார். குடும்பம் ஒரு கோவில் என்றார், பொறுத்தவள் தெய்வம் என்றார், ஒரு விளக்கு அணைந்தால் ரெண்டு வீடு இருட்டாகும் என்றார். கூடியிருந்த அத்தனை பேரும் அழுதார்கள், மேகலாவும் அழுதாள், அழுதுகொண்டே எழுந்து பெட்டியை எடுத்தாள். அடுத்த நோம்பி வருவதற்குள் புருஷன் வீட்டுக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். கால் தவறி விழுந்தாள் என்று அந்த வீட்டார் சொன்னார்கள். இரங்கல் கூட்டத்துக்கும் மைக் செட் நான்தான். காலம் பறித்துக்கொண்டது, விதி விளையாடிவிட்டது, ஒரு பூ உதிர்ந்துவிட்டது என்று செங்கோட்டுவேலன் பேசியதைக் கேட்டுக் கல் நெஞ்சுக்காரர்களும் அழுதார்கள். பாவாயி மட்டும் அழவில்லை. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள்.

“யாரோ சொன்னாங்கன்னுதான் எம்புள்ளைய இந்த வாசலத் தாண்டி அனுப்புனேன். இனி எவன் சொல்லியும் இந்த வாசல நான் தாண்ட மாட்டேன்” என்றாள், காலி செய்யச் சொல்லிப் போனவர்களிடம். பெண் போலீசார் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் போட்ட ஒரு கத்தலுக்கு, பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மனசு கரைந்தது, பாறை ஒரு முழம் முன்னால் சாய்ந்தது. விட்டுவிட்டு ஓடினார்கள். பேசி வரவழைக்கலாம் என்றால், அவள் மனசு இளகி வெளியே வரும் முன்பே பாறை இறங்கிவிடும். பேசாமல் விட்டால், மழைக்காலத்தில் முட்டுக்கொடுத்த மண் கரைந்துவிடும். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஐப்பசி வந்தது.

முதல் மழை பிடித்த அன்று காலையில் வசுமதி டீச்சர் என் மொபெட்டில் ஏறிக்கொண்டு, “பாவாயி வீட்டுக்குப் போங்க” என்றார். போனோம். பாவாயி தறியை ஓட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் நனைந்த புடவையோடு எதிரில் நின்று, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார்: “பாறை உன் வீட்டுக்கு மேல் நிற்கிறது. கீழே இருக்கும் மண் மழையில் கரைகிறது. இன்று அல்லது நாளை பாறை விழும். நீ வெளியே வர வேண்டும்.”

ஒரு சரளைகூட விழவில்லை. பாவாயி தறியை நிறுத்தினாள்.

“எல்லாஞ் சரியாத்தான் இருக்குது அண்ணி. நானுந்தான் தெனமும் மேல பாக்கறேன். ஆனா அதக் கேட்டு எம்மனசுக்கு ஒண்ணும் ஆவல. நீங்க போயிட்டு வாங்க.”

மொபெட்டில் டீச்சரை அவர் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வீட்டுக்குள் போனதும் கூடத்தில் நாற்காலியில் இருந்த புருஷன் முன்னால் நின்றார். நான் போவதா இருப்பதா என்று தெரியாமல் கதவோரம் ஒதுங்கினேன்.

“ஏனுங்க, நீங்க போங்க” என்றார் டீச்சர்.

செங்கோட்டுவேலன் பல மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தார். குரல் துருப்பிடித்திருந்தது. “நான் பேசுனா அவ வருவா வசு. ஆனா அவளுக்கு முன்னால கல்லு வரும்.”

“பேசுங்கன்னு நான் சொல்லல. நடந்ததச் சொல்லுங்க.”

“என்ன நடந்தது? எல்லாந்தான் அன்னிக்கே சொல்லியாச்சே.”

“உங்க இரங்கல் பேச்ச நான் கேட்டேனுங்க. காலம் இருந்துச்சு, விதி இருந்துச்சு, பூவு, காத்து எல்லாம் இருந்துச்சு. ஒரு வாக்கியத்துலயும் பிழை இல்ல. நீங்க மட்டும் அதுல இல்ல.”

அவர் விருட்டென்று எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் ஒரு எட்டு உள்ளே வைத்தேன். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கேடயங்களை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கினார்.

நாங்கள் பின்னால் போவதற்குள் விஷயம் பரவி, தெருவின் மறுமுனையில் ஊரே நின்றது. கரட்டிலிருந்து செம்மண் தண்ணீர் ஓடி வந்து பாவாயியின் வாசலைச் சுற்றிப் போனது. மேலே பாறை நனைந்து கருத்து நின்றது. செங்கோட்டுவேலன் வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே தறிப் பலகையில் பாவாயி, அவரைப் பார்க்காமல், அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்.

“என் உடன்பிறப்பே…” என்றார் அவர். பழக்கதோஷம். குரல் தானாகவே ஏறியது, கை தானாகவே விரிந்தது, யாரோ ஒருத்தி விம்மினாள், கூரையில் சரளை கொட்டியது. கூட்டம் “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டது. அவர் கையை இறக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மழை பெய்தது. மேடையில் ஒரு நொடி இடைவெளி விடத் தெரியாத மனுஷர், வாயைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது, ஓடிப்போய் இழுத்து வந்துவிடலாமா என்றிருந்தது.

“மேகலா போவ மாட்டேன்னு சொன்னா” என்றார் கடைசியில். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “நான் பேசி அனுப்பி வெச்சேன்.”

சரளை விழவில்லை. டீச்சரின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

பாவாயி நிமிரவில்லை. “அப்பறம்?” என்றாள்.

“அவ முதுக எனக்குக் காட்டுனா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பேசுனேன்.”

“அப்பறம்?”

“கெணத்துல கால் தவறி விழுந்தான்னு அவங்க சொன்னப்ப நான் நம்பல. நம்பலைன்னு யாருகிட்டயும் சொல்லல.”

மண் மேட்டில் ஒரு துண்டு கரைந்து வழிந்தது. அது மழை செய்த வேலை. பாறை அசையவில்லை. எங்களுக்கு உயிர் வந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்தது சரிதான், இப்படிச் சொன்னால் ஒன்றும் ஆகாது, இப்படியே சொல்லிச் சொல்லி அவளைக் கூட்டி வந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். பாவாயி இழையை விட்டுவிட்டு முதல்முறையாக அண்ணனைப் பார்த்தாள்.

“அன்னிக்கு அவ எந்திரிச்சுப் பொட்டிய எடுத்தப்ப,” என்றாள், “உம்மொகத்த நான் பாத்தேன். என்ன நெனச்ச?”

அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாத விஷயம் அது, அவரோடு போயிருக்கலாம். மழைத்தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்ட, வகுப்பில் வாக்கியம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நேராக நின்றுகொண்டு சொன்னார்.

“எம்பேச்சு செயிச்சுருச்சுன்னு சந்தோசப்பட்டேன்.”

அதில் ஒரு உவமை இல்லை, ஒரு விளி இல்லை. மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து நாங்கள் எழுதிப் பழகிய வாக்கியங்களைப் போல அதுவும் சரியாகத் தொடங்கிச் சரியாக முடிந்தது. அது முடிந்த இடத்தில் தெருமுனையில் நின்ற நாங்கள் எல்லோரும், அன்றைக்கு அதே வாசலில் அழுதுவிட்டுக் காபி குடித்துப் போனவர்கள், ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம், மேலே கரடே பிளந்தது போல ஒரு சத்தம் கேட்டது.

சரளை இல்லை. பாறைதான்.

பாவாயி தறிப் பலகையிலிருந்து எழுந்தாள். அவள் தப்பிக்க ஓடியதாகச் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள், பொய். அவள் மேலே பார்க்கவே இல்லை. அண்ணனை அடிக்க ஓடி வந்தாள். கொட்டகையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரெண்டு கையையும் சேர்த்து அவர் நெஞ்சில் விட்ட அடியில் அவர் பின்னால் சரிந்து, தெருவின் எதிர்ப்பக்கச் சாக்கடையில் மல்லாக்க விழ, அவள் அவர் மேல் விழுந்து அடித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பாறை தகரக் கூரையில் இறங்கி, தறிகளை நொறுக்கி, சமையற்கட்டை நொறுக்கி, வாசற்படிவரை வந்து நின்றது. புழுதி அடங்கும்வரை அடித்துக்கொண்டேதான் இருந்தாள். நாங்கள் விலக்கவில்லை. டீச்சரும் விலக்கவில்லை.

கை ஓய்ந்த பிறகு பாவாயி எழுந்து நின்றாள். வீடு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அழுதாள், அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“இதச் சொல்றதுக்கு உனக்கு ஒரு மலை எறங்கி வரோணுமாண்ணா?”

அவர் சேற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இங்க வேண்டாம்” என்றாள் பாவாயி. “மேகலா புருசன் வீட்டுக்காரங்க மேல கேஸ் குடுக்கோணும். முதுகப் பாத்தத, நம்பாதத, எல்லாத்தையும் இப்பச் சொன்ன மாதிரியே டேசன்ல வந்து சொல்லு. நட.”

அவர் எழுந்தார். செருப்பு ஒன்று சாக்கடையில் போயிருந்தது, இன்னொன்றையும் கழற்றி விட்டுவிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. மழையில் மெயின் ரோட்டைப் பார்த்துப் பாவாயி முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார்.